வித்த காருக்கு எனக்கு ஏன் ஃபைன் வருது? – வாசகர் கேள்வி, பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பழைய கார் வாங்குறது விக்கிறது பத்தினதுதான் ஜாஸ்தி, அதனால அதையே முதல்ல எடுத்துக்குறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால எல்லாருக்குமே வேலையும் ஊரும் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: என்னோட 2012 மாடல் காரை போன வருஷம் ஒரு புரோக்கர் மூலமா வித்தேன். பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க, ஆர்சியையும் குடுத்துட்டேன். இப்போ பெங்களூர்ல சிக்னல் தாண்டினதுக்கு, சீட் பெல்ட் போடாததுக்குன்னு என் போனுக்கு ஃபைன் மெசேஜா வருது. புரோக்கர் போன் எடுக்க மாட்டேங்குறார். என்னண்ணே பண்றது?
– ஜவுளிக்கடை ஊழியர், திருநெல்வேலி

பதில்: தம்பி, ஃபைன் காசை விட பெரிய விஷயம் ஒண்ணு இதுல இருக்கு. வண்டி இன்னும் உங்க பேர்லதான் ஓடுது. நாளைக்கு அந்த கார் யார் மேலயாவது மோதிடுச்சுன்னா நஷ்ட ஈடு கேஸ்ல நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். இப்படி பல கை மாறின ஒரு கார் கேஸ்ல 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிருக்கு, ஆர்சியில யார் பேர் இருக்கோ சட்டப்படி அவர்தான் ஓனர், நான் வித்துட்டேன்னு சொல்லி தப்பிக்க முடியாதுன்னு. அதுலயும் அந்த வண்டிக்கு இப்போ இன்சூரன்ஸ் இல்லைன்னா மொத்தமும் உங்க தலையில விழும், அதனால இன்னைக்கே அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல வண்டி நம்பரை போட்டு யார் பேர்ல இருக்கு, இன்சூரன்ஸ் எந்த தேதி வரைக்கும் இருக்குன்னு பாருங்க.

அடுத்து, வண்டி பதிவான ஆர்டிஓ ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதணும். எந்த தேதியில, யாருக்கு, எவ்வளவுக்கு வித்தீங்க, பணம் எப்படி வந்துச்சு, எல்லாம் எழுதி பேங்க் ஸ்டேட்மென்ட் காப்பி, கையெழுத்து போட்ட பேப்பரை போட்டோ எடுத்து வச்சிருந்தா அது, புரோக்கரோட வாட்ஸ்அப் மெசேஜ் பிரிண்ட், எல்லாத்தையும் சேர்த்து நேர்ல குடுத்து காப்பியில சீல் வாங்கிக்கோங்க, கூடவே ரிஜிஸ்டர் தபால்லயும் ஒண்ணு அனுப்பிடுங்க. அப்புறம் உங்க ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரை வாங்கிக்கிட்டதுக்கு போலீஸ் தர்ற ரசீது) வாங்குங்க. அந்த ரசீது கையில இருந்தா புரோக்கரும் போன் எடுப்பார், பெங்களூர் ஃபைனுக்கு மறுப்பு எழுதும்போதும் அதை காட்டலாம். ஃபாஸ்டேக் இன்னும் உங்க பேங்க் அக்கவுண்ட்ல இருந்தா அதை உடனே க்ளோஸ் பண்ணுங்க, டோல் காசு உங்களுக்கு போயிட்டு இருந்தாலும் இருக்கும். ஆனா க்ளோஸ் பண்றதுக்கு முன்னாடி டோல் ஹிஸ்டரியை டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, வண்டி எந்த தேதியில எங்க போச்சுன்றதுக்கு அது நல்ல ஆதாரம்.

இனிமே விக்கப்போறவங்களுக்கும் இதை சொல்லிடுறேன். காலி ஃபார்ம்ல கையெழுத்து போடவே போடாதீங்க. வாங்குறவர் பேர், அட்ரஸ், தேதி எல்லாம் நிரப்பி அப்புறம் கையெழுத்து. டெலிவரி நோட்ல தேதி மட்டும் இல்ல, எத்தனை மணிக்கு சாவி குடுத்தீங்கன்னும் எழுதி வாங்குங்க. அதே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள விக்கிறவர் ஆர்டிஓவுக்கு தெரியப்படுத்தணும், வெளி மாநிலம்னா 45 நாள், வாங்கினவருக்கு 30 நாள், இது மோட்டார் வாகன சட்டம் 50ஆவது பிரிவுலயே இருக்கு. வண்டி வெளி மாநிலம் போகுதுன்னா ஃபார்ம் 28 போட்டு என்ஓசி (ஆட்சேபம் இல்லைன்னு தர்ற சான்று) எடுக்கணும். டீலர் கிட்ட குடுக்குறீங்கன்னா 2023 ஏப்ரல்ல இருந்து அவரும் ஆர்டிஓல அங்கீகாரம் வாங்கி இருக்கணும், வண்டியை ஒப்படைச்சதை ஃபார்ம் 29சி மூலமா ஆன்லைன்ல பதிவு பண்ணணும், அது பண்ணுவீங்களான்னு கேளுங்க, மழுப்பினா வேற டீலரை பாருங்க. இன்னொண்ணு, உங்க நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் பண்ணாத வருஷங்களுக்காக பிரீமியத்துல கிடைக்குற தள்ளுபடி, வண்டியோடது இல்ல, உங்களோடது. வித்த ஆதாரத்தை காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியில அதுக்கு ஒரு கடிதம் வாங்கி வச்சுக்கிட்டா 3 வருஷத்துக்குள்ள வாங்குற அடுத்த காருக்கு அந்த தள்ளுபடியை கொண்டு போகலாம், 5 வருஷம் க்ளைமே பண்ணாதவங்களுக்கு ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல 50 சதவீதம் வரைக்கும் குறையும்.

கேள்வி: 4 லட்சம் பட்ஜெட்ல எங்க குடும்பத்துக்கு முதல் கார். ஒரு 2017 ஹேட்ச்பேக் பார்த்திருக்கோம், 32,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்குன்னு சொல்றாங்க, பளபளன்னு இருக்கு. வெள்ளத்துல முங்கின வண்டியா இருக்குமோன்னு வீட்டுக்காரர் பயப்படுறார். எப்படி கண்டுபிடிக்கிறது?
– ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி

பதில்: உங்க வீட்டுக்காரர் பயம் நியாயமானதுதாம்மா. சென்னையில 2015லயும் சரி 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சரி தண்ணியில நின்ன கார்களுக்கு கணக்கே இல்ல, அதுல நிறைய துடைச்சு பாலிஷ் போட்டு வேற ஊருக்கு விலைக்கு வந்துச்சு. வெளிய பளபளன்னு இருக்கிறதை பார்க்காதீங்க. முன் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க, உள்ள சுருண்டிருக்கிற பாகத்துல சேறு படிஞ்ச கறை இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டாங்க. சீட்டுக்கு அடியில ரெயில் போல்ட்ல துரு, ஸ்டெப்னி வைக்கிற குழியில மண்ணு, டேஷ்போர்டுக்கு அடியில ஃப்யூஸ் பாக்ஸ் மூலையில காஞ்ச சேறு, கார்ப்பெட்டை தூக்கினா ஈர வாசம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் எழுந்து வந்துடுங்க. வாசம் தெரியக்கூடாதுன்னே சென்ட் தூக்கலா அடிச்சு வச்சிருப்பாங்க, கண்ணாடி எல்லாம் ஏத்தி ஏசி போடாம ஒரு பத்து நிமிஷம் உள்ள உக்காருங்க, தெரிஞ்சிடும்.

கிலோமீட்டர் விஷயம். மீட்டரை குறைக்கிறது ரொம்ப சின்ன செலவு, அதனால மீட்டரை நம்பாம வண்டியை பாருங்க. 32,000 ஓடின வண்டியில க்ளட்ச், பிரேக் பெடல் ரப்பர் தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்காது, ஸ்டியரிங் தோல் உரிஞ்சிருக்காது. டயர்ல ஓரமா நாலு இலக்கம் ஒரு சின்ன கட்டத்துக்குள்ள இருக்கும், 2317ன்னா 2017ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். சாதாரணமா ஒரு செட் டயர் 40,000, 50,000 வரைக்கும் வரும், அப்போ டயர் வண்டியை விட புதுசா இருந்தா 32,000ல நாலு டயரும் ஏன் மாத்தினீங்கன்னு கேக்கலாம் இல்லையா (அதுக்காக பழைய டயரோட இருந்தா நல்லதுன்னும் இல்ல, இத்தனை வருஷம் ஆன டயரை பட்டன் நல்லா இருந்தாலும் மாத்தித்தான் ஆகணும், அந்த காசை விலையில குறைக்க சொல்லுங்க). எல்லாத்தையும் விட நல்ல வழி, வண்டி நம்பரை வச்சு அந்த கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி எடுத்து தர சொல்லி ஓனரையே கூட்டிட்டு போறது. 2020ல 58,000ன்னு பதிவாகி இருந்தா பேச்சே முடிஞ்சது.

அடிபட்ட வண்டியான்னு பார்க்க கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை லேசா உருவிப் பாருங்க, கம்பெனி வெல்டிங் வட்ட வட்டமா ஒரே இடைவெளியில இருக்கும், அடிச்சு நிமித்தினது அப்படி இருக்காது. பானட் கீல் போல்ட்ல ஸ்பானர் பட்டு பெயின்ட் உரிஞ்சிருந்தா கழட்டி மாட்டிருக்காங்கன்னு அர்த்தம். போகும்போது இன்ஜின் சூடாக்கி வைக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, பானட்டை தொட்டு பாருங்க, கோல்டு ஸ்டார்ட்லதான் வண்டியோட உண்மை தெரியும், நீலமா புகை வந்தா ஆயில் எரியுது. லோன் இருந்த வண்டின்னா பேங்க் என்ஓசியும், ஆர்சியில இருந்து லோனை நீக்குறதுக்கான ஃபார்ம் 35ம் இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. கடைசியா, வாங்கினதும் 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடுங்கம்மா. ஆர்சி மாத்திட்டு இன்சூரன்ஸை மறந்துடுறாங்க, அப்புறம் சின்னதா இடிச்சாக்கூட க்ளைம் கிடைக்காம நிக்குறாங்க, அந்த கஷ்டம் உங்களுக்கு வரக்கூடாது.

கேள்வி: பாண்டிச்சேரி நம்பர் கார் நல்ல விலைக்கு கிடைக்குது. விழுப்புரத்துல வச்சு அப்படியே ஓட்டலாமா?
– கல்லூரி ஆசிரியர், விழுப்புரம்

பதில்: 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுலயே வச்சிருந்தா இங்க பதிவு மாத்தணும் சார், வண்டி வயசுக்கு ஏத்த வரியும் கட்டணும். இங்க 2023 நவம்பர்ல வரி ஏறினதுல இருந்து புது கார் 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும்னா 18 சதவீதம், அதுக்கும் மேலன்னா 20 சதவீதம், அதனாலதான் பாண்டிச்சேரியில பதிவு பண்ற ஆசையே வருது. அந்த வரியையும் என்ஓசி அலைச்சலையும் கூட்டிப் பார்த்து அப்புறமும் லாபம்னா வாங்குங்க. இல்லைன்னா வேணாம்.

கேள்வி: ஒவ்வொரு கோடைக்கும் ஏசி கூலிங் குறையுது, ஒவ்வொரு வருஷமும் கேஸ் ஃபில் பண்றேன். இது எல்லா காருக்கும் வர்றதுதானா?
– மளிகைக்கடை வச்சிருப்பவர், வேலூர்

பதில்: இல்லண்ணே, இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு போதாது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்ல, மூடின குழாய்க்குள்ளயே சுத்துது. வருஷா வருஷம் குறையுதுன்னா எங்கயோ லீக். லீக்கை அடைக்காம கேஸ் அடிக்கிறவர் உங்க காசை காத்துல விடுறார், அது மட்டும் இல்ல, கேஸோட சேர்ந்து கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயிலும் வெளிய போயிடும், ஒரு நாள் கம்ப்ரசர் பிடிச்சிக்கும், அந்த செலவு பெரிய செலவு. நைட்ரஜன் அடிச்சு பிரஷர் நிக்குதான்னு பார்க்க சொல்லுங்க, இல்லைன்னா டை ஊத்தி யுவி லைட்ல பார்க்க சொல்லுங்க. முன்னாடி இருக்கிற கண்டென்சர்ல கல்லு பட்டு ஓட்டை விழுறது சகஜம். கேஸ் எத்தனை கிராம் போடணும்னு பானட் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும், எடை பார்த்து போடுற மெஷின் இருக்கிற கடைக்கு போங்க. அதுக்கு முன்னாடி கேபின் ஃபில்டரை கழட்டி பாருங்க, தூசி அடைச்சு காத்தே வராம கேஸ் குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு வர்றவங்களும் உண்டு.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல மழை தண்ணி புகுந்து கார் சீட் வரைக்கும் நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணி பார்க்கலாம்னு பையன் சொல்றான். பண்ணலாமா?
– குடும்பத்தலைவி, வேளச்சேரி

பதில்: பண்ணவே கூடாதும்மா, சாவியை பையன் கிட்ட இருந்து வாங்கி வச்சுக்கோங்க. இன்ஜினுக்குள்ள தண்ணி போயிருந்தா அதை காத்து மாதிரி அமுக்க முடியாது, ஸ்டார்ட் பண்ணின நொடியில கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். அதுக்கப்புறம் இன்ஜினையே பிரிக்கணும். இன்சூரன்ஸ்லயும் இதுதான் பிரச்சனை, வெள்ள சேதத்துக்கு சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியே காசு தரும், ஆனா தண்ணியில ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா அது உங்களால வந்ததுன்னு தள்ளிடுவாங்க, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாத்தான் அதுக்கு வழி.

தண்ணி எந்த அளவுக்கு நின்னுச்சுன்னு சுவத்துல தெரியும் இல்லையா, அந்த கோடும் நம்பர் பிளேட்டும் சேர்ந்து தெரியுற மாதிரி போட்டோ எடுத்து உடனே இன்சூரன்ஸ்ல க்ளைம் நம்பர் வாங்குங்க. பேட்டரியோட நெகட்டிவ் வயரை கழட்டிடுங்க. வண்டியை கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, நாலு சக்கரமும் மேல நிக்கிற ஃப்ளாட்பெட்லதான் ஏத்தணும், ஆட்டோமேட்டிக் வண்டின்னா இது ரொம்பவே முக்கியம். ஒர்க்‌ஷாப்ல இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாத்தணும், டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்குற கம்பி) ஆயில் காபி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு. உள்ள சீட்டு, கார்ப்பெட் எல்லாத்தையும் கழட்டி காய வைக்கணும், மேலாக்க துடைச்சா சில மாசம் கழிச்சு வயரிங் சாக்கெட் எல்லாம் பச்சை பூத்து ஒண்ணொண்ணா பிரச்சனை வரும். உங்க ஏரியாவுல மழை எச்சரிக்கை வந்தாலே ஜனங்க வேளச்சேரி மேம்பாலத்துல கொண்டு போய் காரை நிறுத்துறாங்க, அதை பார்த்து யாரும் குறை சொல்லாதீங்க, வருஷக்கணக்கா இஎம்ஐ கட்டுற பொருள், வேற எங்க கொண்டு போவாங்க. மாநகராட்சியே மழைக்காலத்துக்குன்னு உயரமான பார்க்கிங் இடம் ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒதுக்கி முன்கூட்டியே அறிவிக்கணும்னுதான் நான் கேப்பேன்.

கேள்வி: வயல் பக்கத்துல வீடு. எலி வந்து கார் வயரை கடிச்சிடுது, ரெண்டு தடவை செலவு பண்ணிட்டேன். புகையிலை கட்டுனா போகும்னு சொல்றாங்களே?
– விவசாயி, தஞ்சாவூர்

பதில்: புகையிலை வாசம் இருக்கிற வரைக்கும் கேக்கும் ஐயா, காஞ்சு போனா எலி அதை பத்தி கவலைப்படாது, அடிக்கடி மாத்தணும். ஆனா துணி மூட்டையா சைலன்சர் பக்கம், இன்ஜின் சூடாகுற பக்கம் வச்சிடாதீங்க, தீப்பிடிக்கும். எலிக்கு வேண்டியது இருட்டும் கதகதப்பும், அதனால நாலு நாள் எடுக்காம நிக்குற வண்டிக்கு ராத்திரி பானட்டை திறந்து வச்சு மேல ஒரு லைட் போட்டு விடுறது நல்ல பலன் குடுக்குது. அறுவடை முடிஞ்ச சமயம் வயல்ல தீனி இல்லாம வீட்டு பக்கம் வரும், அப்போ கூடுதல் கவனம். காருக்குள்ள பிஸ்கட், தானிய மூட்டை சிந்தினது எதுவும் இருக்கக்கூடாது. கடிச்ச வயருக்கு மொத்த வயரிங் செட்டும் மாத்தணும்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடிபட்ட இடத்தை மட்டும் சால்டர் வச்சு ஸ்லீவ் போட்டு சூடு பண்ணி மூடிடுவார், வெறும் முறுக்கி டேப் சுத்துறது வேணாம். மஞ்சள் கலர் கனெக்டர் இருக்கிற ஏர்பேக் வயரை மட்டும் ஒட்டு போடவே கூடாது, அது கம்பெனியிலதான் மாத்தணும். எலி புழுக்கையை சுத்தம் பண்ணும்போது கிளவுஸும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க, எலி மூத்திரத்துல இருந்து வர்ற காய்ச்சல் ஆளையே சாய்ச்சிடும்.

கேள்வி: 2014 மாடல் பெட்ரோல் கார். இப்போ பங்க்ல எல்லாம் எத்தனால் 20 சதவீதம்ங்கிறாங்க. வண்டி கெட்டுப் போயிடுமா?
– ஆட்டோ பார்ட்ஸ் கடை ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: உடனே கெட்டுப் போகாது தம்பி. எத்தனால்ல லிட்டருக்கு பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு எனர்ஜி கம்மி, அதனால 20 சதவீதம் கலந்தா கணக்குப்படி எனர்ஜி 6, 7 சதவீதம் குறையுது, மைலேஜ் கொஞ்சம் இறங்குனா அதுதான் காரணம், வண்டியில குறைன்னு இன்ஜெக்டர் எல்லாம் கழட்ட வேணாம். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்கள்ல ரப்பர், பைப் எல்லாம் இதுக்கு ஏத்த மாதிரி வருது, உங்க வண்டியில அப்படி இல்ல. அதனால ஒவ்வொரு சர்வீஸ்லயும் ஃப்யூயல் ஹோஸ்ல வெடிப்பு, கசிவு இருக்கான்னு குறிப்பா பார்க்க சொல்லுங்க, பெட்ரோல் வாசம் வந்தா அன்னைக்கே காட்டுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால அரை டேங்குக்கு கீழ வச்சு மாசக்கணக்கா நிறுத்திடாதீங்க. பழைய வண்டிக்காரங்களுக்கு கலப்பு கம்மியான பெட்ரோலும் பங்க்ல கிடைக்கணும், அந்த தேர்வு நமக்கு இருக்கணும்ன்றதுதான் என் கருத்து.

கேள்வி: சேலத்துல இருந்து கொல்லிமலை போனோம். இறங்கும்போது பாதியில கருகின வாசம், பிரேக் மிதிச்சா உள்ள போயிட்டே இருந்துச்சு. குழந்தைங்க எல்லாம் வண்டியில. மெக்கானிக் பிரேக்ல ஒண்ணுமே இல்லன்னுட்டார்.
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: மெக்கானிக் சொன்னது சரியாத்தான் இருக்கும் மேடம், கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா எந்த வண்டி பிரேக்கும் சூடாகி பிடிமானம் போயிடும், ஆயில் கொதிச்சு பெடல் உள்ள போகும். ஆறினதும் பழையபடி நல்லாயிடும், அதனாலதான் ஷாப்ல ஒண்ணும் தெரியல. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்லதான் இறங்கணும், அனேகமா ரெண்டாவது, சில வளைவுல முதல் கியர், இன்ஜினே வண்டியை பிடிச்சுக்கும், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கலாம். ஆட்டோமேட்டிக்னா எல் இல்ல மேனுவல் மோட். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறதும் இன்ஜினை ஆஃப் பண்ணி இறங்குறதும் உயிரோட விளையாடுறது, ஆஃப் பண்ணினா பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து போயிடும்.

வாசம் வந்தா ஓரமா அகலமான இடத்துல நிறுத்தி, முதல் கியர்ல போட்டு டயருக்கு கல்லு வச்சு ஆற விடுங்க, ஹேண்ட் பிரேக் அப்போ வேணாம், டிஸ்க் மேல தண்ணி ஊத்தவும் வேணாம், வளைஞ்சிடும். அப்புறம் பிரேக் ஆயில் எப்போ மாத்தினீங்கன்னு பாருங்க. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், ஈரம் ஏறின ஆயில் சீக்கிரம் கொதிக்கும், அதனாலதான் 2 வருஷத்துக்கு ஒருக்கா மாத்த சொல்றாங்க. ஒரு தடவை கொதிச்ச ஆயில் அது, அடுத்த மலை ஏறுறதுக்கு முன்னாடி மாத்திடுங்க, பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்குன்னும் கேளுங்க, 3க்கு கீழன்னா பேடையும் சேர்த்தே மாத்த சொல்லுங்க.